விளக்கில்லாமல் படம் எடுத்தவரா ரவுல் குத்தார்?

பிரெஞ்சுக்காரர்களின் ‘புதிய அலை’ சினிமாவைப் பற்றி நம்மூரில் பேசுகிறவர்கள் இரண்டு விஷயத்தைத் தவறாமல் சொல்வார்கள். ஒன்று, ழான்-லுக் கோதார் மேதை. இரண்டு, அந்தப் படங்களையெல்லாம் விளக்கே போடாமல், கேமராவைக் கையில் தூக்கிக்கொண்டு, தெருவில் போகிற போக்கில் எடுத்துவிட்டார்கள். முதல் விஷயத்தில் எனக்குச் சண்டை இல்லை. இரண்டாவதில் உண்டு. ‘எடுத்துவிட்டார்கள்’ என்று பன்மையில் சொல்லித் தாண்டிப் போகிறோமே, அந்தப் பன்மைக்குள் ஓர் ஆள் ஒளிந்துகொண்டிருக்கிறார். கேமராவைத் தூக்கியவர். பெயர் ரவுல் குத்தார். அவர் எப்படி வேலை செய்தார் என்று கொஞ்சம் விசாரித்துப் பார்த்தால் ‘போகிற போக்கில்’ என்ற சொல்லை நாம் வாயில் எடுக்க மாட்டோம்.

இதை எழுதத் தூண்டியது பக்கத்து வீட்டுப் பையன். விஸ்காம் இரண்டாம் வருடம் படிக்கிறான். தான் எடுத்த குறும்படத்தைச் செல்போனில் கொண்டுவந்து காட்டினான். பாதி நேரம் முகமே தெரியவில்லை. “தம்பி, இந்த இடத்தில் அந்த அம்மா அழுகிறார்களா, சிரிக்கிறார்களா?” என்று கேட்டேன். “இது நேச்சுரல் லைட் தாத்தா. ‘பிரெத்லெஸ்’ படத்துக்கு லைட்டே போடவில்லை, தெரியுமா?” என்றான். நல்ல பையன், புத்திசாலி, வகுப்பில் கேட்டதைச் சொல்கிறான். நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது அவனுக்கு நாலு தடவை போன் வந்தது. எழுத்தில் இருந்தால் என்றைக்காவது படிப்பான் என்று இங்கே வைக்கிறேன்.

நான் சினிமாக்காரன் இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, அரசு எழுத்தராக முப்பத்து நாலு வருடம் கோப்புகளோடு காலம் தள்ளியவன். ஆனால் எழுபதுகளில் ஊரில் பிரெஞ்சுப் படம் போடும் மாலைகளை நான் விட்டதில்லை. 16 எம்.எம். புரொஜெக்டர், மர நாற்காலி, நடுவில் ரீல் மாற்றும்போது வெளியே போய் ஒரு டீ. சப்டைட்டில் இல்லாத பிரதிகள்தான் பெரும்பாலும் வரும். எனக்கு அது தேவைப்படவில்லை. வசனத்தைக் காது பார்த்துக்கொள்ள, கண் சும்மா இருந்தது. அப்படித்தான் படத்தின் வெளிச்சத்தைப் பார்க்கப் பழகினேன் என்று நினைக்கிறேன்.

குத்தார் 1924-இல் பாரிஸில் பிறந்தவர். ரசாயனம் படிக்க ஆசைப்பட்டார். அந்தப் படிப்புக்கு வீட்டில் வசதி போதவில்லை. எனவே போட்டோ பக்கம் போனார். இந்த ஒரு தகவலை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும். 1945-இல் பிரெஞ்சுப் படையோடு இந்தோசீனாவுக்குப் போய், பதினோரு வருடம் அந்தப் பக்கத்திலேயே இருந்துவிட்டார். வேலை, போர்க்களப் புகைப்படக்காரர். பிறகு ‘பாரி மாட்ச்’, ‘லுக்’ போன்ற பத்திரிகைகளுக்குப் படம் அனுப்பினார்.

இந்தோசீனா என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காது நிமிரும். அந்தக் காலத்தில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து சைகோனுக்குப் போய் பிரெஞ்சு நிர்வாகத்திலும் பட்டாளத்திலும் வேலை பார்த்த குடும்பங்கள் எத்தனையோ. என் பெரியப்பா அங்கே சுங்க இலாகாவில் எழுத்தர். திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது யுத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டார். வெயிலைப் பற்றிச் சொல்வார். வயல்வெளியில் கண் கூசும், பத்தடி தள்ளி மரக்கூட்டத்துக்குள் நுழைந்தால் எதிரே நிற்கும் ஆளின் மூஞ்சி தெரியாது என்பார். மழை கட்டினால் பகல் மூன்று மணிக்கே ஆபீஸில் விளக்கு ஏற்றுவார்களாம். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் பதினோரு வருடம் படம் எடுத்திருக்கிறான். சிப்பாய் ஓடிக்கொண்டிருப்பான், “கொஞ்சம் வெளிச்சத்துக்கு வந்து நில்லுங்கள்” என்று கேட்க முடியாது. இன்னொரு தடவை ஓடச் சொல்லவும் முடியாது. இருக்கிற வெளிச்சம் எவ்வளவு, அதற்குத் தன் பிலிம் தாங்குமா என்று கண்ணாலேயே அளந்து, ஒரு நொடியில் முடிவு எடுக்க வேண்டும். ‘நேச்சுரல் லைட்’ என்று இன்றைக்கு வகுப்பில் சொல்கிறார்களே, குத்தாருக்கு அந்தப் பாடம் நடந்த பள்ளிக்கூடம் இது.

சினிமாவுக்கு வந்தது தற்செயல். பியேர் ஷோண்டோர்ஃபர் என்று ஒருவர். அவரும் இந்தோசீனாவில் ராணுவக் கேமராமேனாக இருந்து, தியென் பியென் பூவில் பிடிபட்டுச் சிறையிருந்தவர். அவர் ஆப்கானிஸ்தானில் ஒரு படம் எடுக்கக் கூப்பிட்டார். படப்பிடிப்பில் ஸ்டில் போட்டோ எடுக்கத்தான் அழைக்கிறார்கள் என்று நினைத்துக் குத்தார் சரி என்றாராம். போன பிறகுதான் தெரிந்தது, சினிமா கேமராவே தன் பொறுப்பு என்று. அதுவரை அவர் அந்தக் கேமராவைத் தொட்டதில்லை. அந்தப் படத்தின் தயாரிப்பாளர் ழார்ழ் த பொரகார்தான் பிறகு கோதாரின் முதல் முழுநீளப் படத்துக்கும் தயாரிப்பாளர். குத்தாரைக் கோதாரோடு சேர்த்துவிட்டவர் அவர்.

அந்தப் படம்தான் ‘ஆ பு த் சூஃப்ள்’. மூச்சு வாங்கி ஓய்ந்துபோன நிலை என்று பொருள். ஆங்கிலத்தில் ‘பிரெத்லெஸ்’. 1959 ஆகஸ்ட் நடுவில் ஆரம்பித்து செப்டம்பர் நடுவில் எடுத்து முடித்தார்கள். மறு வருடம் மார்ச்சில் வெளிவந்தது.

இனி விளக்கு விவகாரத்துக்கு வருவோம். நிஜ ஓட்டல் அறையில், நிஜத் தெருவில், ராத்திரியில் விளக்கு கொண்டுபோகாமல் எடுக்க வேண்டும் என்பது கோதாரின் ஆசை. ஆசைப்படுவது சுலபம். அப்போது சினிமாவுக்கென்று விற்ற பிலிம்களுக்கு அந்த மங்கல் வெளிச்சம் போதாது. குத்தாருக்கு ஒரு பிலிம் தெரியும், இல்ஃபோர்ட் கம்பெனியின் எச்.பி.எஸ். வெளிச்சத்தை வேகமாக வாங்கிக்கொள்ளும் பிலிம். ஆனால் அது போட்டோ கேமராவுக்கானது, சினிமாவுக்கு அந்தக் கம்பெனி அதைச் செய்யவில்லை. கிடைத்தது 17.5 மீட்டர் சுருள்களாக.

எழுத்தர் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 35 எம்.எம். பிலிம் கேமராவில் நிமிஷத்துக்கு 27 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஓடும். அப்படியென்றால் 17.5 மீட்டர் என்பது 38 செகண்டு! ஒரு சிகரெட் பற்றவைத்து இரண்டு வரி பேசுவதற்குள் சுருள் தீர்ந்துவிடும். அதனால் சுருள்களை இருட்டறையில் ஒன்றோடு ஒன்று ஒட்டி நீளமாக்கிக்கொண்டார்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. பிலிமின் இரண்டு ஓரத்திலும் ஓட்டைகள் இருக்குமல்லவா, போட்டோ பிலிமின் ஓட்டையும் சினிமா பிலிமின் ஓட்டையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஸ்டுடியோக்களில் அரசாட்சி செய்த மிட்செல் கேமராவுக்கு அது ஒத்துவராது. கேமெஃப்ளெக்ஸ் என்ற பிரெஞ்சுக் கேமராவில் ஓடும். சின்னது, தோளில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஓடும்போது கடகடவென்று சத்தம் போடும். அது ஓடும் இடத்தில் வசனத்தை ஒலிப்பதிவு செய்ய முடியாது. எனவே படம் முழுக்கப் பின்னால் டப்பிங். ஒலிப்பதிவு இல்லை என்றானதும், கோதார் கேமரா பக்கத்தில் நின்றுகொண்டு வசனத்தை நடிகர்களுக்கு உரக்கச் சொல்லிக்கொடுக்க முடிந்தது. அந்தப் படத்தில் நாம் மெச்சுகிற சுதந்திரம், அலட்சியம், திடீர்த்தனம் எல்லாவற்றையும் நூல் பிடித்துப் பின்னால் போனால், பிலிம் ஓரத்து ஓட்டையில் போய் நிற்கிறது.

கதை இத்தோடு முடியவில்லை. அந்த எச்.பி.எஸ். 400 ஏ.எஸ்.ஏ. வேகம் உள்ளது. டெவலப் செய்யும் ரசாயனத்தை மாற்றி அதை 800 ஆக ஓடவைத்தார்கள். இரட்டிப்பு வேகம் என்றால் பாதி வெளிச்சம் போதும். சினிமா லேபுகளில் ஆயிரக்கணக்கான மீட்டர் பிலிம் ஒரே தொட்டியில், ஒரே கலவையில் போய்க்கொண்டிருக்கும். ஒரு படத்துக்காகத் தனிக் கலவை வைப்பதற்கு லேபைச் சம்மதிக்கவைப்பது லேசான காரியம் இல்லை. ரசாயனம் படிக்க ஆசைப்பட்ட பையன் என்று சொன்னேனே, அவனுக்கு இங்கே அந்த ஆசை உதவியது. ஆக, விளக்கு போடவில்லை என்பது சரிதான். ஆனால் விளக்கு செய்ய வேண்டிய வேலையைப் படப்பிடிப்புக்கு முன்னால் பிலிம் கடையிலும், பின்னால் லேபின் தொட்டியிலும் செய்து முடித்திருந்தார்கள். செல்போனைத் தூக்கிக்கொண்டு மாலை ஏழு மணிக்குக் கடற்கரைக்குப் போவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

மீதி வேடிக்கைகள் பலருக்கும் தெரிந்தவை. ஷான்ஸெலிஸே வீதியில் ழான் ஸேபெர்க் பத்திரிகை விற்றுக்கொண்டு போக, பெல்மொந்தோ கூட நடக்கிற காட்சி. தபால்காரர்கள் தள்ளுகிற மூடுவண்டிக்குள் குத்தார் கேமராவோடு குந்தியிருந்தார். வீதியில் போன ஜனங்களுக்குப் படம் எடுக்கிறார்கள் என்பதே தெரியாது. டிராலிக்குத் தண்டவாளம் போட வசதியில்லாத இடத்தில் நோயாளிகளின் சக்கர நாற்காலி. கேமராமேன் உட்கார, டைரக்டர் பின்னாலிருந்து தள்ளுவார். இதைப் படித்தால் சிரிப்பு வரும், பார்த்தால் வராது, ஏனென்றால் படத்தில் அந்த நகர்வு அவ்வளவு சரியாக இருக்கிறது.

இங்கே என் ஆபீஸ் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் சேர்ந்த புதிதில் எங்கள் பிரிவில் ஒரு தலைமை எழுத்தர் இருந்தார். காலையில் வரும் கோப்புகளை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிடுவார். மற்றவர்கள் நாலு பக்கம் எழுதும் குறிப்பை அவர் ஆறு வரியில் எழுதுவார். விதி எண்கூடப் பல சமயம் இருக்காது. ‘ஏனோதானோ ஆசாமி’ என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அவரைப் பார்த்து ஓர் இளைஞரும் ஆறு வரியில் எழுத ஆரம்பித்தார். மூன்று மாதத்தில் தணிக்கை ஆட்சேபணை கட்டுக்கட்டாக வந்தது. பெரியவரின் கோப்பு ஒன்றுகூட அதில் இல்லை. சம்பள விதி, பயணப்படி விதி, ஓய்வூதிய விதி எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எது தேவையில்லை என்று தெரிந்ததால் அவர் எழுதவில்லை. இளைஞருக்கு எது தேவை என்பதே தெரியாது. இரண்டு பேர் எழுதியதும் ஆறு வரிதான்.

குத்தாரின் வேகமும் அந்தப் பெரியவரின் வேகம்தான். அந்தக் காலத்து ஸ்டுடியோ வழக்கத்தில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் கதாநாயகி முகத்துக்கு ஒரு விளக்கு, தலைமுடிக்குப் பின்னாலிருந்து ஒரு விளக்கு, முகத்தில் விழும் நிழலைப் போக்க ஒரு விளக்கு என்று வைத்துக்கொண்டே போவார்கள். மணிக்கணக்கில் ஆகும். நடிகை தரையில் சாக்பீஸ் போட்ட இடத்தைவிட்டு ஓரடி நகர்ந்தால் முகத்தில் இருட்டு விழும். நடிகர்களை இஷ்டத்துக்கு நடக்கவிடும் கோதாருக்கு இது எப்படி ஒத்துவரும்? குத்தார் கண்டுபிடித்த வழி, ஆளுக்கு வெளிச்சம் கட்டாமல் அறைக்குக் கட்டுவது. ஜன்னலுக்கு மேலே, சுவர் உச்சியில் வரிசையாகப் பல்புகளை வைத்து அவற்றைக் கூரையைப் பார்த்துத் திருப்பிவிடுவார். வெளிச்சம் கூரையில் பட்டுத் தெறித்து அறை முழுக்கப் பரவும். ஜன்னல் பக்கத்திலிருந்து வருகிற மாதிரியே இருக்கும். யார் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம், கேமரா எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பலாம்.

1961-இல் வந்த ‘ஊய்ன் ஃபாம் ஏ ஊய்ன் ஃபாம்’ படத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ‘பெண் என்றால் பெண்தான்’ என்று மொழிபெயர்க்கலாம். ஸ்டுடியோவில் எடுத்தார்கள், ஆனால் கோதார் செட்டுக்குக் கூரை வேண்டும் என்றார், சுவரைக் கழற்றக் கூடாது என்றார். சாதாரணமாக ஸ்டுடியோ செட்டுக்குக் கூரை இருக்காது, விளக்கெல்லாம் அங்கேதான் தொங்கும். கூரையைப் போட்டால் கேமராமேனின் பிழைப்புப் போச்சு. குத்தாருக்கு அந்தக் கூரையே விளக்கானது.

இந்த இடத்தில் நம்மவர் ஒருவரை விட்டுவிட்டால் பாவம் சேரும். சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ 1956-இல் வந்தது. அதற்கு ஒளிப்பதிவு சுப்ரதா மித்ரா. காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவில் செட்டாகப் போட்டபோது, மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்கை அந்தத் துணியில் பட்டுத் தெறிக்கவிட்டு, வானத்திலிருந்து இறங்கும் மெத்தென்ற பகல் வெளிச்சத்தை உண்டாக்கியவர். குத்தாருக்கு நாலைந்து வருடம் முன்னால்! மித்ரா யார்? ழான் ரெனுவார் கல்கத்தா பக்கம் ‘தி ரிவர்’ எடுத்தபோது வேடிக்கை பார்க்கப் போய், விளக்கு எங்கே, கேமரா எங்கே என்று நோட்டுப் புத்தகத்தில் படம் போட்டுக்கொண்டிருந்த பையன். அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் குளோத் ரெனுவாரே ஒரு கட்டத்தில் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தார் என்பார்கள். ‘பதேர் பாஞ்சாலி’க்கு முன்னால் மித்ரா சினிமா கேமராவை இயக்கியதில்லை. அனுபவம் இல்லாதவர்தான். அறிவு இல்லாதவர் இல்லை. இரண்டையும் நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

குத்தாரிடம் எனக்குப் பிடித்த இன்னொரு குணம், அவருக்கென்று ஒரு முத்திரை கிடையாது. இதைக் குறையாகச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு அது நிறைவாகப் படுகிறது. ழாக் தெமியின் ‘லோலா’வைப் பாருங்கள். நாந்த் என்ற துறைமுக ஊர். ஜன்னல்களும் தெருக்களும் வெள்ளை வெளேரென்று வெந்து கிடக்கும். வேறு கேமராமேனாக இருந்தால் ‘ஓவர் எக்ஸ்போஸ்’ என்று பதறியிருப்பான். அது காதலனுக்காகக் காத்திருப்பவளின் கதை. அந்த வெளுப்பு அவள் கனவு மாதிரியே இருக்கிறது. த்ரூஃபோவின் ‘ழூல் ஏ ழிம்’மில் கேமரா சைக்கிளோடு சைக்கிளாக ஓடும். கோதாரின் ‘லெ மெப்ரி’யில், அதாவது ‘இகழ்ச்சி’யில், காப்ரி தீவின் கடலும் வில்லா மலபார்ட்டேயின் மொட்டைமாடியும் அகலத் திரையில் அசையாமல் நிற்கும். ‘ஆல்ஃபாவில்’லில் பாரிஸ் நகரத்தின் ராத்திரியையே எடுத்து வேறு கிரகத்து ஊர் என்று நம்பவைத்துவிட்டார். கோஸ்டா-கவ்ராஸின் ‘ஸெட்’ கிரேக்க நாட்டு அரசியல் கொலையைப் பற்றியது. கிரேக்கத்தில் ராணுவ ஆட்சி என்பதால் அல்ஜியர்ஸில் எடுத்தார்கள். அதில் செய்திப்படம் மாதிரி பதற்றம். (அந்தப் படத்தில் குத்தார் ஒரு டாக்டராகவும் தலைகாட்டுகிறார். ஆள் பருமனாக, குடும்ப வைத்தியர் மாதிரிதான் இருப்பார்.) டைரக்டர் மாறினால் வெளிச்சம் மாறுகிறது. கதைக்கு எது வேண்டுமோ அது.

ஷோண்டோர்ஃபரோடு அவர் செய்த ‘317-ஆம் பிரிவு’ படத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1965. தியென் பியென் பூ விழும் நேரத்தில் காட்டு வழியாகப் பின்வாங்கும் ஒரு சிறு படைப்பிரிவின் கதை. கம்போடியக் காட்டில், கறுப்பு வெள்ளையில். எடுத்தவர்களும் சிப்பாய்கள் மாதிரியே நடந்து, சுமந்து, அங்கேயே கிடந்து எடுத்தார்கள். பெரியப்பா சொன்ன அதே வெயில், அதே மரக்கூட்டத்து இருட்டு. அந்த வெளிச்சம் குத்தாருக்கு யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிய வேண்டியதில்லை. 1954 மே மாதம் அங்கே தோற்றார்கள், அதே வருடம் நவம்பர் முதல் தேதி எங்கள் ஊரையும் விட்டுப் போனார்கள். ஒரு சாம்ராஜ்யம் மூட்டை கட்டுவதை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்த குடும்பத்தில் பிறந்தவன் நான். அதனால் இந்தப் படத்தை மற்றவர்களைப் போலப் பார்க்க எனக்கு வருவதில்லை. பிரெஞ்சுச் சிப்பாயின் பக்கம் நின்று எடுத்த படம்தான். வியட்நாமியர்கள் அதில் பெரும்பாலும் மரங்களுக்குப் பின்னால்தான் இருக்கிறார்கள். அது எனக்கு உறுத்துகிறது.

குத்தாருக்கும் உறுத்தியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அவர் முதன்முதலாக டைரக்டராக உட்கார்ந்தபோது எடுத்த கதை, போர்க்கால வியட்நாமில் பெற்றோர் துணையில்லாமல் போன ஒரு சிறுவன் தன் குட்டித் தங்கையைப் பார்த்துக்கொள்வது. படத்தின் பெயர் ‘ஹோவா பின்’. வியட்நாமிய மொழியில் ‘அமைதி’ என்று பொருள். 1970-இல் கான் விழாவில் முதல் படத்துக்கான பரிசு வாங்கியது, ஆஸ்கார் பரிந்துரை வரையும் போனது. பிறகும் இரண்டு படம் இயக்கினார். அவை நிற்கவில்லை. நல்ல கண் மட்டும் போதாது, டைரக்டர் வேலை வேறு என்பதற்கும் குத்தாரே சாட்சி. அவரைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை.

கோதாரோடு 1967-இல் ‘வீக்கெண்ட்’ எடுத்தார். சாலையில் வாகனங்கள் ஸ்தம்பித்து நிற்க, கேமரா ஏறக்குறைய 300 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகிற அந்தப் பெயர்பெற்ற ஷாட் அதில்தான். அத்தோடு இருவரும் பிரிந்தார்கள். பதினைந்து வருடம் கழித்து 1982-இல் ‘பாஸியோன்’ படத்தில் திரும்பச் சேர்ந்தார்கள். விஸ்காம் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு படம்தான் காட்டலாம் என்றால் நான் ‘பிரெத்லெஸ்’ஸைக் காட்ட மாட்டேன், இதைக் காட்டுவேன். கதை இதுதான்: ஒரு டைரக்டர் ஸ்டுடியோவுக்குள் ரெம்ப்ராண்ட், கோயா, தெலக்ருவா ஆகியோரின் ஓவியங்களை நிஜ மனிதர்களை நிறுத்தி அப்படியே படமாக்கப் பார்க்கிறார். வெளிச்சம் சரியில்லை, வெளிச்சம் சரியில்லை என்று படம் முழுக்கப் புலம்புகிறார். அவர் புலம்பலாம். நம் கண்ணுக்கு ரெம்ப்ராண்டின் அந்த மஞ்சள் வெளிச்சம் உயிரோடு எழுந்து வந்த மாதிரி இருக்கிறது. ‘விளக்கே போடாதவர்’ என்று பெயரெடுத்தவர்தான், விளக்குகள் நிறைந்த ஸ்டுடியோவுக்குள் பதினேழாம் நூற்றாண்டு ஓவியனின் வெளிச்சத்தைக் கட்டிக் காட்டினார். கான் விழாவில் அவருக்குத் தொழில்நுட்பப் பரிசு கொடுத்தார்கள். மறு வருடம் ‘ப்ரெநோம் கார்மென்’ படத்துக்கு வெனிஸிலும் பரிசு.

இத்தனைக்குப் பிறகும் பேச்சில் கோதார் பெயர்தான் வருகிறது. இதில் எனக்குச் சொந்த ஆதங்கம் உண்டு, மறைப்பானேன். நான் எழுதிய வரைவுகள் எத்தனையோ, ஒரு சொல் மாறாமல், மேலதிகாரியின் கையெழுத்தோடு அரசாணையாகப் போயிருக்கின்றன. ஒரு தடவை ஓர் அதிகாரிக்கு அந்த ஆணைக்காகப் பாராட்டுக் கூட்டமே நடந்தது. பின் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். கையெழுத்துப் போடுகிறவருக்குப் பொறுப்பு அதிகம், தப்பு வந்தால் அவர் தலைதான் உருளும், அதனால் பெயரும் அவருக்கே என்பது நியாயம்தான். கோதார் ‘விளக்கு வேண்டாம்’ என்று கேட்டிருக்காவிட்டால் குத்தார் அந்தப் பிலிமைத் தேடியிருக்க மாட்டார், அதையும் ஒப்புக்கொள்கிறேன். கேட்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். ஆனால் வரைவு எழுதியவன் பெயரை ஓரத்திலாவது குறிக்கும் வழக்கம் கோப்பில் உண்டு. எங்கள் சுருக்கொப்பம் அங்கே இருக்கும், தேடினால் கிடைக்கும். சினிமா ரசிகர்கள் அந்த அளவுக்காவது தேட வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கோதாரே ஒரு தடவை அதைச் செய்திருக்கிறார். ‘லெ மெப்ரி’ படத்தின் தொடக்கத்தில் திரையில் எழுத்து ஓடாது. பெயர்களை ஒரு குரல் படித்துக்கொண்டு போகும், ஒளிப்பதிவாளர் பெயர் உட்பட. தூரத்தில் தண்டவாளத்தின் மேல் ஒரு பெரிய கேமரா மெல்ல நம்மை நோக்கி வரும். அதன் பின்னால் உட்கார்ந்திருப்பவர் குத்தார். பக்கத்தில் வந்ததும் கேமராவைத் திருப்பி, கீழே சாய்த்து, லென்ஸை நேரே நம் முகத்துக்கு நேராக வைப்பார். இதைவிடப் பெரிய மரியாதை ஒரு கேமராமேனுக்கு எந்த டைரக்டர் செய்தார் என்று எனக்கு நினைவு வரவில்லை. குத்தார் 2016 நவம்பரில், தொண்ணூற்றிரண்டு வயதில், பிரான்ஸின் தென்மேற்கே பயோன் நகரத்துப் பக்கம் காலமானார்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் ‘லோலா’. அடுத்து ‘பெண் என்றால் பெண்தான்’, அதில் கூரையைக் கவனியுங்கள். மூன்றாவது ‘பாஸியோன்’. கடைசியில் ‘பிரெத்லெஸ்’. பிரெஞ்சு தெரியாதவர்கள் முதல் தடவை சப்டைட்டிலோடு கதையைத் தெரிந்துகொண்டுவிட்டு, இரண்டாம் தடவை சத்தத்தையும் சப்டைட்டிலையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். அறையில் ஜன்னல் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, ஆள் எழுந்து நடந்தால் முகம் இருட்டுகிறதா, இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள். அரை மணி நேரம் போதும், கண் பழகிவிடும்.